கோட்பாட்டுக்குள் அடங்குபவர் அல்ல மனிதர்: பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மனிதரின் குணத்தையும் நடத்தையையும் உளவியல் கோட்பாடுகளால் விளக்கிவிட முடியும் என்கிறது எதிரணி. முடியாது என்று வாதாட வந்திருக்கிறோம். கோட்பாடே வேண்டாம் என்பதல்ல எங்கள் கட்சி. ஆயிரம் பேரின் சராசரியைக் கேளுங்கள், கோட்பாடு சொல்லும். எதிரே நிற்கும் ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று கேளுங்கள், அங்கே அது திணறும்.

எதிரணித் தோழி 'பெரும் ஐந்து' கோட்பாட்டை அழகாக எடுத்து வைத்தார். புறமுக நாட்டம், இணக்கம், பொறுப்புணர்வு, மனப்பதற்றம், புதுமை நாட்டம் என்று ஐந்து அளவுகோல்கள். ஒருவர் ஏன் சண்டை போட்டார்? இணக்கம் குறைவாம். குறைவு என்று எப்படித் தெரியும்? குணத்தேர்வு வினாத்தாளில் 'நான் அடிக்கடி சண்டை போடுவேன்' என்ற வரிக்கு அவரே 'ஆம்' என்று குறித்திருக்கிறாராம். தோழியே, செய்கைக்கு ஒரு பெயர் சூட்டிவிட்டு அந்தப் பெயரையே காரணம் என்றால் அது விளக்கமா?

அந்த ஐந்தும் எங்கும் ஐந்தாகவே வருவதில்லை. பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்கள் 632 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில் அவை பிரிந்து வரவில்லை. உழைப்பு, பிறரோடு ஒத்துவாழ்தல் என்று இரண்டே தெரிந்தன.

சரி, விளக்கம் போகட்டும். கணிக்கவாவது முடிகிறதா? அதுவரை வந்த ஆய்வுகளை 1968இல் திரட்டிப் பார்த்தவர் உளவியலாளர் வால்டர் மிஷெல். குணத்தேர்வு மதிப்பெண்ணுக்கும், குறிப்பிட்ட ஒரு சூழலில் அந்த ஆள் நடந்துகொள்வதற்கும் உள்ள ஒட்டுறவு (தொடர்பே இல்லையென்றால் 0, முழுதும் ஒத்துப்போனால் 1) 0.3ஐத் தாண்டுவது அரிது என்றார். 0.3ஐ வர்க்கப்படுத்துங்கள், 0.09. ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 9 சதவீதம்தான் கணக்கில் வந்தது. மீதி 91 எங்கே?

பல நாள் நடத்தையைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒட்டுறவு ஏறும் என்று உளவியலாளர் சீமோர் எப்ஸ்டைன் 1979இல் காட்டினாரே என்பார்கள். ஏறும், மறுக்கவில்லை. சராசரிக்கு ஏறும். சாட்சிக் கூண்டில் நிற்பவர் இப்போது பொய் சொல்வாரா என்பது ஒரே தடவை நடப்பது. அதற்கு ஏது சராசரி?

ஓர் ஆய்வைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் இருவரும் 1973இல் வெளியிட்டது. பிரின்ஸ்டனில் இறையியல் படித்த மாணவர் 40 பேர். அடுத்த கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை ஆற்ற வேண்டும். சிலருக்குத் தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் வாசற்படியில் சுருண்டு இருமி முனகுகிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். சரியான நேரத்துக்குப் போகிறீர்கள் என்று சொல்லப்பட்டவர்களில் 45. 'தாமதமாகிவிட்டது, விரையுங்கள்' என்றதும் 10. எடுத்த தலைப்பும் பெரிய வித்தியாசம் செய்யவில்லை, யார் உதவுவார் என்பதை மதப்பற்றை அளந்த வினாத்தாளும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆகச் சூழல்தான் எல்லாம் என்று கைதட்டாதீர்கள். அவசரமே இல்லாமல் போனவர்களில் 37 சதவீதம் பேர் ஏன் கடந்து போனார்கள்? ஓடச் சொல்லியும் அந்த 10 சதவீதம் ஏன் நின்றது? ஸ்டான்லி மில்கிராமின் 1963 ஆய்விலும் இதே கதைதான். தவறான விடை சொல்பவருக்கு ஒவ்வொரு முறையும் கூடுதல் மின்னதிர்ச்சி கொடு என்று ஆய்வாளர் கட்டளையிடுவார்; அதிர்ச்சி போலி, பங்கேற்றவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் விசைவரை அழுத்தினார்கள். இடையிலேயே மறுத்த 14 பேர் யார் யார் என்று எந்தச் சூழல் கோட்பாடு முன்கூட்டிச் சொல்லும்?

உளப்பகுப்பாய்வு வழியில் வந்த ஃபிராய்டும் ஆட்லரும் எதையும் விளக்குவார்கள் என்று எதிரணி அன்பர் பெருமைப்பட்டார். தத்துவஞானி கார்ல் பாப்பர் குறை கண்டது அங்கேதான். குழந்தையை மூழ்கடிக்கத் தண்ணீரில் தள்ளுபவன், குழந்தையைக் காக்கத் தன் உயிரை விடுபவன், இருவருக்கும் ஆட்லர் சொல்லும் காரணம் தாழ்வுணர்ச்சிதான். எது நடந்தாலும் பொருந்தும் கோட்பாடு, இது நடக்காது என்று எதையும் துணிந்து சொல்வதில்லை.

மனிதரை 16 வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வுக்கு வருகிறேன். நான்கு அளவுகோல்களையும் நடுவில் வெட்டி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்கிறது. ஆட்கள் அதிகம் கூடுவது நடுவில்தான், ஆகவே ஓரிரண்டு விடை மாறினாலே பக்கம் மாறிவிடும். மறுதேர்வில் ஒவ்வோர் அளவுகோலிலும் 85 சதவீதம் பேர் பழைய பக்கத்திலேயே நிற்பதாக வைத்துக்கொள்வோம். நான்கும் ஒன்றையொன்று சாராதவை என்று பெருக்கினால் பழைய வகையிலேயே இருப்பவர் 52 சதவீதம்.

இதை வைத்தா ஆள் எடுப்பது? வேலைத்திறனோடு ஒட்டுறவு 0.3 உள்ள ஒரு தேர்வை 200 பேருக்கு நடத்தி, மதிப்பெண்ணில் மேல்பாதியில் வந்த 100 பேரை வேலைக்கு எடுத்தால், வேலையிலும் மேல்பாதியில் இருப்பவர் ஏறக்குறைய 60 பேர். நாணயத்தைச் சுண்டி எடுத்தாலே 50 பேர் கிடைப்பார்கள். ஒதுக்கப்பட்ட மற்ற 100 பேரிலும் ஏறக்குறைய 40 பேர் வேலையில் மேல்பாதிக்கு உரியவர்கள்; தகுதி இருந்தும் கீழ்ப்பாதி என்று ஒதுக்கப்பட்ட அந்த 40 பேருக்கு எதிரணியின் பதில் என்ன? அதைச் சொல்லச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே.