சாவியை முதலில் கொடுத்த அக்கா

மதிப்பிற்குரிய ஆயர் அவர்களே, மாதர் சங்கத் தலைவி அம்மா அவர்களே, பட்டர்வொர்த்தில் அதிகாலை ரயிலேறி கே.எல். சென்ட்ரலில் இறங்கி நேராக இங்கே வந்திருக்கும் டத்தோ அவர்களே, பிரிக்பீல்ட்ஸ் வட்டாரச் சபை மக்களே, எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். டத்தோ அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்த மண்டபத்துக்கு மின்விசிறி கேட்டோம். மறுநாளே ஆள் அனுப்பினார். அவருக்கும் அவர் துணைவியாருக்கும் நம் கைதட்டல்.

'குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை.' இதைச் சொல்லாமல் நான் எந்த மேடையிலிருந்தும் இறங்கியதில்லை. சீர்திருத்தத் திருநாளில் சொல்லாமல் வேறு என்றைக்குச் சொல்வது?

ஆயர் மூன்று காரியங்களைப் பேசச் சொன்னார். நீதிமானாக்கப்படுதல் என்றால் என்ன, புதிய வாழ்வு எப்படி இருக்கும், இந்தப் போதனை நம் தமிழ்ச் சபைகளுக்கு எப்படி வந்தது.

1517 அக்டோபர் 31. திருச்சபை காசுக்கு விற்ற பாவமன்னிப்புச் சீட்டை எதிர்த்து, ஜெர்மன் துறவி மார்ட்டின் லூத்தர் 95 கருத்துரைகளை வெளியிட்ட நாள். அதைத்தான் சீர்திருத்தத் திருநாளாகக் கொண்டாடுகிறோம். காசு கொடுத்தும் கிரியை செய்தும் வாங்க முடியாததை விசுவாசத்தினால் பெறுகிறோம் என்று ரோமர் நிருபத்தில் அவர் கண்டுகொண்டார். நீதிமானாக்கப்படுதல் என்பது நீதிமன்றத்துச் சொல். 'திருந்திக் காட்டு, பிறகு தீர்ப்பு' என்று தேவன் சொல்லவில்லை. கிறிஸ்துவின் நீதியை நம் கணக்கில் எழுதி, விடுதலைத் தீர்ப்பை முதலிலேயே கொடுத்துவிட்டார். 1999இல் ஆக்ஸ்பர்க்கில் லூத்தரன்களும் கத்தோலிக்கரும் சேர்ந்து ஒப்பமிட்ட அறிக்கையும், நம் தகுதியைப் பார்க்காமல் கிருபையினால் மட்டுமே தேவன் நம்மை ஏற்கிறார் என்கிறது. 2006இல் மெதடிஸ்ட்டுகளும் அதில் சேர்ந்துகொண்டார்கள்.

இதையெல்லாம் படித்திருந்தேன். புரியவைத்தது செந்தூலில் தோசைக்கடை வைத்திருந்த ஓர் அக்கா.

போதைப்பொருள் வழக்கில் 4 வருஷம் உள்ளே இருந்துவிட்டு ஒரு தம்பி வெளியே வந்தான். என் வீட்டில் ஓர் அறை காலி. வந்து கேட்டான். "முதல்ல ஒரு வேலைக்குப் போ தம்பி, ஆறு மாசம் பார்க்கிறேன், அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். ஞாயிறுதோறும் கிருபையைப் பாடுகிற வாய்தான் அப்படிச் சொன்னது. இன்றும் எனக்கு அது வலிக்கிறது.

அவன் அந்த அக்கா கடை வாசலில் போய் நின்றான். "அக்கா, வேலை இருக்கா? நான் உள்ளே இருந்து வந்தவன்."

அக்கா நிமிரக்கூட இல்லை. கல்லில் தோசை தீய்ந்துவிடுமே. "தேங்காய் திருவத் தெரியுமாப்பா?"

"தெரியும்க்கா."

"அப்ப உட்காரு."

அன்று ராத்திரியே கடைச் சாவியை அவனிடம் கொடுத்துவிட்டார். "காலையில நாலு மணிக்குத் திற. மாவு பொங்கியிருக்கும், கலக்கி வை. கல்லாவுல காசு இருக்கு, பால்காரர் வந்தா எடுத்துக் குடு."

அவன் தூங்கவேயில்லை. "சாவியைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தேன் அண்ணே" என்று பிறகு என்னிடம் சொன்னான். மூன்று மணிக்கே கடையைத் திறந்து, மாவு கலக்கி, மேசை துடைத்து, வாசலில் தண்ணீர் தெளித்து, தேங்காயும் திருவி வைத்திருக்கிறான். ஐந்து மணிக்கு வந்த அக்கா ஒன்றும் பேசவில்லை. முதல் தோசையை அவனுக்கு ஊற்றினார்.

அவன் நாணயஸ்தன் என்று சோதித்துப் பார்த்தா சாவி கொடுத்தார்? சாவி கைக்கு வந்தது, அவன் நாணயமாக நடந்தான். 'புதிதான ஜீவனுள்ளவர்களாய்' நடக்க வேண்டும் என்று ரோமர் 6ஆம் அதிகாரம் சொல்வதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. குற்றம் பார்த்திருந்தால் அக்காவுக்கு அந்தச் சுற்றம் கிடைத்திருக்காது.

சரி, நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். சிறையிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு முதல் வாரம்தான் கண்டம். தொலைந்த மைகார்டுக்கு, அதாவது அடையாள அட்டைக்கு, மாற்று எடுக்கத் துணைக்குப் போக ஆள் வேண்டும். தங்க ஓர் அறை வேண்டும். பழைய கூட்டாளியின் போன் வருவதற்குள் நம் வீட்டுச் சோறு அவனிடம் போய்ச் சேர வேண்டும். ஒரு சபைக்கு மூன்று குடும்பம் போதும். நன்னடத்தைச் சான்று கேட்காத மூன்று குடும்பம்! டத்தோ அவர்களே, மேடையில் வைத்துக் கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் ஸ்டோரில் இரண்டு பேருக்கு வேலை கொடுங்கள்.

மூன்றாவது காரியம், இந்தப் போதனை தமிழ்ச் சபைகளுக்கு வந்த விதம். அது 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் கதை. ஆயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

பின்வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். முதல் வரியில் என் பெயரும், அந்தக் காலி அறையும் எழுதியிருக்கிறது. அடுத்த வரிகளை நீங்கள் நிரப்புங்கள்.