6,350 ரூபாய் போச்சு, சத்தம் மட்டும் போகலை!

வணக்கம் மக்களே. இன்றைக்கு வழக்கமான வேப்பமரத்தடியில் இல்லை, வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து பேசுகிறேன். பக்கத்து வீட்டில் போர் போடுகிறார்கள், வெளியே நின்றால் என் குரல் எனக்கே கேட்காது. சுக்குக் காபி பிளாஸ்க் இருக்கிறது, மூடியைக் காணவில்லை. அந்தக் கதை இன்னொரு நாளைக்கு.

முதலில் இதைப் பாருங்கள். கேமராவுக்குக் கிட்டக் கொண்டுவருகிறேன். நம் ஆல்ட்டோவின் முன்பக்க வலது சக்கரத்தில் இருந்த பேரிங் இது, சக்கரம் உரசாமல் சுற்றுவதற்காக உள்ளே குண்டுகள் வைத்த வளையம். உள்ளே இரண்டு விரலை விட்டுச் சுற்றுகிறேன், கேளுங்கள். கர, கர, கர. அம்மியில் மணலைப் போட்டு அரைத்தால் இப்படித்தான் இருக்கும். புது பேரிங்கைக் கையில் வாங்கிச் சுற்றிப் பார்த்தேன். மூச்சே காட்டாது. கிரீஸுக்குள் கொஞ்சம் கனமாக, வழுக்கிக்கொண்டு சுற்றும்.

உள்ளங்கையில் அடங்கிவிடுகிற இந்த இரும்பு போட்ட சத்தத்தை டயர் சத்தம் என்று கடைக்காரர் சொன்னதை நம்பித்தான் டயர் கடையில் 6,350 ரூபாய் எண்ணி வைத்துவிட்டு வந்தேன். இரண்டு டயர் 5,700, சக்கரத்தின் எடையைச் சமன் செய்கிற பேலன்சிங்கும் சக்கரங்களை நேராக்குகிற அலைன்மென்ட்டும் சேர்ந்து 650. வீட்டுக்குத் திரும்பி வரும்போது அதே ஊங்காரம். மதுரையை ஒட்டிய எங்கள் நாகமலை ஏறுவதற்குள் என் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

போன மாத வீடியோவில் அந்தச் சத்தத்தை உங்களுக்குப் போட்டுக் காட்டினேன். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் மெல்ல ஆரம்பித்து, அறுபதில் பக்கத்து வீட்டு கிரைண்டர் மாதிரி ஆகிவிடும். உங்களில் பாதிப் பேர் டயர் என்றீர்கள், பாதிப் பேர் பேரிங் என்றீர்கள். ஒருவர் மட்டும் "அக்கா, வண்டியைத் தள்ளிவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்று எழுதியிருந்தார். அவருக்கு நான் பதில் போடவில்லை, போடவும் மாட்டேன். 2006 மாடல்தான், இத்தனை வருஷம் ஓடிய வண்டியில் பேரிங் போவதும் டயர் போவதும் வண்டியின் குற்றமா? நமக்கு மூட்டு வலி வருவதில்லையா?

சரி, டயர் கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. என் பழைய டயரைத் தடவிப் பார்த்தால் ஒரு பக்கமாகத் தடவும்போது வழுவழு என்று போகும், எதிர்ப்பக்கமாகத் தடவினால் ரம்பப் பல் மாதிரி விரலைப் பிடிக்கும். சக்கரங்கள் நேராகப் பார்க்காமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பி ஓடினால் டயர் இப்படித்தான் தேயும். அப்படித் தேய்ந்த டயரும் ஊங்காரம் போடும், பேரிங் போடுகிற அதே ஊங்காரம். அதனால் அவர் டயர் என்று சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி ஒரு தடவை ஆட்டிப் பார்த்திருக்கலாமே. ஒரு நிமிஷ வேலை. அதைச் செய்யவில்லை, எனக்கு அதுதான் ஆத்திரம்.

ஆத்திரம் என்றதும் நைட்ரஜன் ஞாபகம் வருகிறது. ஆமாம், மறுபடியும் அதேதான், சிரிக்காதீர்கள். ஒரு சக்கரத்துக்கு நாற்பது ரூபாய் வீதம் நைட்ரஜன் அடிக்கட்டுமா என்று கேட்டார். நாம் மூச்சு விடுகிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். மிச்சம் 22 பங்குக்கு 160 ரூபாயா? பெட்ரோல் பங்க்கில் சும்மா கிடைக்கிற காற்று என் வண்டிக்குப் போதும். வாரம் ஒரு தடவை, காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பார்த்துவிட்டால் சரி. குறைவான காற்றோடு ஓடினால் டயரின் இரண்டு ஓரமும் தேயும். அளவுக்கு மேல் அடித்தால் நடுப்பாகம் தேயும். இதை நைட்ரஜன் வந்து மாற்றிவிடாது.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். பழைய டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் 1418 என்று இருந்தது. முதல் இரண்டு எண் வாரம், பின்னால் இருப்பது வருஷம். 2018இல் பதினான்காவது வாரம் செய்த டயர். பக்கச் சுவரில் ஆடி மாதத்துக் கண்மாய் மாதிரி வெடிப்பு. ஆக, எப்படியும் மாற்ற வேண்டியதுதான். இதைச் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறேன். நீங்களும் புது டயர் வாங்கும்போது அந்த நாலு எண்ணைக் குனிந்து பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். எனக்கு முதலில் எடுத்து வந்தது இரண்டு வருஷம் முந்தைய சரக்கு. "புதுசு இல்லையா அண்ணே?" என்று கேட்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் வேறு எடுத்து வந்தார்.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். சத்தம் டயரா பேரிங்கா என்று நானே கண்டுபிடித்தேன். ஆமாம், நானே.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி. அம்மா வீட்டுக்குத் திருமங்கலம் போக, துவரிமான் பக்கம் நான்குவழிச் சாலையில் ஏறினேன். சாலை காலி. அறுபதில் போகும்போது நியூட்ரலில் போட்டேன். இன்ஜின் அடங்கியது, ஊங்காரம் அடங்கவில்லை. அப்படியென்றால் சத்தம் இன்ஜினில் இல்லை. வழியில் சுரண்டிப் போட்டிருந்த ஓர் இடம், அதை அடுத்து புதிதாகத் தார் போட்ட இடம். டயர் சத்தமாக இருந்தால் சாலைக்குச் சாலை குரல் மாறும். மாறவில்லை. ரிம்மில் ஈயக்கட்டி விழுந்து பேலன்ஸ் போயிருந்தால் ஸ்டியரிங் கையில் நடுங்கும். அதுவும் இல்லை.

அப்புறம் கப்பலூருக்கு முன்னால் முன்னும் பின்னும் யாரும் இல்லாத இடத்தில், மெதுவாக இடது பக்கம் வளைத்தேன். ஊங்காரம் கூடியது. வலது பக்கம் வளைத்தேன். அப்படியே குறைந்தது. இடது பக்கம் திரும்பினால் வண்டியின் பாரம் வலது சக்கரத்தின் மேல் போய் உட்காரும். பாரம் ஏறியதும் எந்தச் சக்கரம் அலறுகிறதோ, நோய் அங்கேதான். வலது! வண்டிக்குள் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன், வெட்கமே இல்லை. அம்மா வீட்டில் போய் இறங்கியதும் இதைத்தான் முதலில் சொன்னேன். அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஜாக்கி போட்டுப் பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். டயர் கடையில் காற்றுத் துப்பாக்கி வைத்து நட்டை டர்ர்ர் என்று முறுக்கியிருந்தார்கள். நாலு நட்டில் மூன்று கழன்றது, நாலாவது அசையவில்லை. வண்டியோடு வந்த வீல் ஸ்பேனர் ஒரு சாண் நீளம். ஏறி மிதித்தேன், வழுக்கி முழங்காலில் அடி. டியூஷனுக்கு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் தொங்கிப் பார்த்தார்கள். ம்ஹூம்.

நெல்பேட்டைப் பக்கம் போகிற வேலை இருந்தது, வழியில் ஒரு பழைய இரும்புக் கடையில் நிறுத்தினேன். இரண்டடி நீளத்தில் ஜிஐ பைப் துண்டு ஒன்று கேட்டேன். தராசில் போட்டார், ஒன்றரைக் கிலோ. தொண்ணூறு ரூபாய் என்றார். துருப்பிடித்த பைப்புக்குத் தொண்ணூறா? எழுபது என்றேன். "டீச்சர் மாதிரி இருக்கீங்க, இப்படிப் பேசுறீங்களே" என்றார். டீச்சர் என்பதால்தான் பேசுகிறேன் என்றேன். எண்பதில் முடிந்தது. பத்து ரூபாய் மிச்சம்! அதற்கு அங்கேயே ஒரு பருத்திப்பால் குடித்தேன், அது இருபது ரூபாய், அதை விடுங்கள்.

அந்த பைப்பை ஸ்பேனர் கைப்பிடியில் மாட்டி, ஒற்றைக் கையால் ஓர் அழுத்து. "கிர்ர்ர்… டிக்." கழன்றுவிட்டது. மக்களே, என் வாழ்க்கையில் பி.எட். பாஸ் செய்த அன்றுகூட இவ்வளவு சந்தோஷம் இல்லை. பிடியின் நீளம் இரண்டு மடங்கானால் பாதி பலம் போதும். ஒன்பதாம் வகுப்புக்கு நானே நடத்துகிற பாடம், எனக்கே தோன்ற எண்பது ரூபாய் ஆனது. ஒன்றே ஒன்று, பைப் கழற்றுவதற்கு மட்டும். முறுக்கும்போது மாட்டாதீர்கள், போல்ட் நீண்டு அறுந்துவிடும்.

சொல்ல மறந்துவிட்டேன், நட்டைத் தளர்த்துவது ஜாக்கி போடுவதற்கு முன்னால், சக்கரம் தரையில் இருக்கும்போதே. தூக்கிவிட்டு முறுக்கினால் சக்கரம் சுற்றும், ஜாக்கி சரியும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடவும் கூடாது.

இப்படி நாலு நட்டும் கழலும் என்று தெரிந்தபின் திரும்ப மாட்டிவிட்டு, சக்கரத்தைத் தூக்கினேன். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, கடிகாரத்தில் பன்னிரண்டும் ஆறும் மாதிரி. ஆட்டினேன், "டொக் டொக்." பையனை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். ஆட்டம் நின்றுவிட்டது. பிரேக் மிதித்தும் ஆடினால் கோளாறு கீழே இருக்கிற பால் ஜாயின்ட் என்கிற குண்டு மூட்டில், நின்றால் பேரிங்கில். பக்கவாட்டில் மூன்றும் ஒன்பதுமாகப் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட். அப்புறம் சுருள் ஸ்பிரிங் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினேன். உள்ளே அரைபடுவது விரல் நுனியில் தெரிந்தது.

பழங்காநத்தத்தில் நம் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். ஓட்டிப் பார்த்துவிட்டு "இடது பக்கம்தான் டீச்சர்" என்றார். "அண்ணே, வலது" என்றேன். "முப்பது வருஷமா பாக்குறேன் டீச்சர்." "நான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பார்க்கிறேன் அண்ணே, வலது." இரண்டு பக்கமும் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "டீ சொல்லவா டீச்சர்?" என்றார். அதுதான் அவர் ஒப்புக்கொள்கிற விதம்.

அவரைப் பிடிக்கும் காரணம் இதுதான்: பேரிங்கைச் சுத்தியால் அடித்து ஏற்றமாட்டார். பேரிங் உட்கார்ந்திருக்கிற நக்கிள் என்கிற இரும்புப் பாகத்தை அப்படியே கழற்றிப் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், பிரஸ் என்கிற அழுத்தும் மெஷினில் வைத்து ஏற்றினார். கூடவே போய்ப் பார்த்தேன். ஏற்றும்போது அழுத்தம் பேரிங்கின் வெளி வளையத்தில்தான் விழ வேண்டும். உள் வளையத்தைத் தள்ளினால் அந்த பாரம் முழுக்க குண்டுகள் வழியாகப் போய், குண்டு ஓடுகிற பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழும். புது பேரிங் அன்றைக்கே ஊங்காரம் போட ஆரம்பித்துவிடும். பழைய பேரிங்கின் வளையத்தையே மேலே வைத்து அழுத்தினார்கள். தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்கிற ரப்பர் வளையம், ஆயில் சீல், அதுவும் புதிது.

பேரிங் செட் 780, பிரஸ்ஸும் கூலியும் 750. இல்லை இல்லை, 700. ஐம்பது ரூபாய் டீக்கும் வடைக்கும். டீயும் வடையும் போக மொத்தம் 1,480.

ஏன் போனது என்று கேட்பீர்கள். பழைய சீலைப் பிரித்தபோது உள்ளேயிருந்து கிரீஸ் வரவில்லை, கஷாயம் மாதிரி பழுப்புத் தண்ணீர் வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். ஐப்பசி மழையில் கர்டர் பாலத்துக்கு அடியில், பாதிச் சக்கரம் முங்கும் தண்ணீரில் நான் ஓட்டிய வீடியோ உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கே "அக்கா, பேரிங் போயிரும்" என்று இரண்டு பேர் எழுதினீர்கள். நான் சிரிக்கிற பொம்மை போட்டேன். மன்னித்துவிடுங்கள். பழைய சீலின் உதடு தேய்ந்திருந்தால் தண்ணீரும் வண்டலும் உள்ளே போய்விடும், குண்டில் துருப்புள்ளி விழும், அப்புறம் அரைபட்டு அரைபட்டுப் பெருகும். என் வண்டி டயர் 145/80 ஆர்12. அந்த அளவில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 590 சுற்று. திருமங்கலம் போய் வந்தால் இருபதாயிரம் தாண்டும். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துரு அரைபடுகிறது.

நேற்று சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு நத்தம் சாலை மேம்பாலத்தில் ஏறினேன். ஏழு கிலோமீட்டருக்கு மேல், நிறுத்தம் கிடையாது, சோதிக்கத் தோதான இடம். இணைப்புகளைத் தாண்டும்போது வருகிற "தட், தட்" தவிர ஒன்றும் இல்லை. ஊமையாகிவிட்டது வண்டி. செட்டிகுளத்தில் இறங்கித் திரும்பவும் ஏறினேன், அந்த அமைதிக்காகவே.

அப்போதுதான் பின்னால் "டங்… டங்" என்று கேட்டது. வயிறு கலங்கிவிட்டது. ஓரம் கட்டி டிக்கியைத் திறந்தால், எண்பது ரூபாய் பைப் உருண்டுகொண்டிருக்கிறது. அதற்கு ஒரு பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்துச் சுற்றி, ஸ்டெப்னிக்குள் சொருகி வைத்திருக்கிறேன். அந்த ஸ்டெப்னியின் எண்ணையும் பார்த்தேன், அது 2015. அதைப் பற்றி அடுத்த வாரம் புலம்புகிறேன். கேட் சத்தம் கேட்கிறது, பையன்கள் வந்துவிட்டார்கள், வைக்கிறேன்.