வளர்ற புள்ளைக்குத் தைக்கிற மாதிரி ஒரு லைப்ரரி

(காட்சி: புதுமண்டபத் தூண்களின் பழைய படம். தையல் மிஷின் சத்தம்.)

வணக்கம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிர்ல இருக்கிற புதுமண்டபத்துல, கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாத்துறதுக்கு முன்னாடி, தூணோரமா தையல் மிஷின் ஓடிக்கிட்டே இருக்கும். யூனிஃபார்ம் தைக்கக் கொடுக்கிற அம்மா சொல்றது ஒண்ணுதான்: "வளர்ற புள்ளண்ணே, உள்ள ரெண்டு இன்ச் விட்டுத் தைங்க." டைலர் விடுவாரு. கால் மடிப்புலயும் இடுப்புப் பின்தையல்லயும் மட்டும். காலர்ல விடமாட்டாரு. புள்ள எந்தப் பக்கம் வளரும்னு அவருக்குத் தெரியும்.

லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்துற பொதுவான கோடு, அதை எழுதுறதுல கஷ்டமே எந்தப் பக்கம் வளரும்னு தெரியுறதுதான்.

(காட்சி: மாசி வீதி மளிகைக்கடை, பில் மிஷின்.)

பில் போடுற லைப்ரரி எழுதுறீங்கன்னு வைங்க. ஒரு கடை தள்ளுபடி கேட்குது, கோடுல ஆன்-ஆஃப் மாதிரி ஒரு ட்ரூ-ஃபால்ஸ் ஸ்விட்ச் வைக்கிறீங்க. அடுத்த கடைக்கு இன்னொண்ணு. பத்து ஸ்விட்ச் சேர்ந்தா 1,024 விதமா அது ஓடலாம். யாரு டெஸ்ட் பண்றது? நான் பண்ணமாட்டேன், நீங்களும்தான்.

தள்ளுபடிக் கணக்கை ஒரு ஃபங்ஷனா, அதாவது கூப்பிட்டா கணக்குப் போட்டு விடை தர்ற சின்னக் கோடா, கடையோட புரோகிராமே கொடுக்கட்டும். லைப்ரரி அதைக் கூப்பிட்டு, வர்ற தொகையைக் கழிக்கும். ஆடித் தள்ளுபடியா, சொந்தக்காரருக்குக் குறைச்சதா, அதுக்குத் தெரியவே வேணாம். ஒண்ணும் கொடுக்கலையா, தள்ளுபடி பூஜ்யம்.

(காட்சி: நெய் பாட்டில், சோப்பு.)

வரியும் அப்படித்தான். 2025 செப்டம்பர் 22 அன்னைக்கு நெய்க்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்துல இருந்து 5 ஆச்சு, குளியல் சோப்புக்கு 18ல இருந்து 5. விகிதத்தைக் கோடுக்குள்ளயே எழுதினவங்க ஒவ்வொரு கடைக்கும் புது வெர்ஷன் அனுப்பணும். வெளியே அட்டவணையா வச்சவங்க அதுல சில லைனை மாத்தினாப் போதும். அந்த அட்டவணையில தேதியும் இருக்கணும். 21ஆம் தேதி வாங்கின சோப்பு திரும்பி வந்தா, பழைய விகிதத்துலதான கழிக்கணும்?

காலர் மாதிரி இடம் விடக்கூடாதது எதுன்னா, கூட்டல். எல்லாத்தையும் பைசாவுல முழு எண்ணா வச்சுக் கூட்டுங்க. ரூபாயை ஃப்ளோட்ல, அதாவது கம்ப்யூட்டரோட புள்ளி வச்ச எண்ணுல வச்சா, 0.1-ம் 0.2-ம் சேர்ந்து சரியா 0.3 வராது. இந்தக் கூட்டலை மாத்துற வசதி எவ்வளவு கேட்டாலும் கொடுக்காதீங்க.

மத்ததுல, ஒரே ஒரு கடை கேட்டதுக்காக நான் தையலைப் பிரிக்கமாட்டேன், மூணாவது கடை கேட்கட்டும்னு விட்டுருவேன். ஏன்னா ஒருதடவை திறந்துவிட்டா, யாரோ அதை நம்பிக் கடை நடத்துவாங்க. பின்னாடி மூடணும்னா வெர்ஷன் நம்பர் 2.4.1-ஐ 3.0.0 ஆக்கணும், பழைய கோடு இனி அப்படியே ஓடாதுன்னு சொல்ற மாதிரி. அன்னைக்குக் காலையில போன் வரும். எடுங்க.