கலையரங்கத்துச் சாவி யாரிடம்?

(மயிலாடுதுறையில் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே. பாதியில் எழுந்து போக வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே என்னிடம் சொல்லிவைத்துவிட்ட வர்த்தகர் சங்கத் தலைவர் அவர்களே. இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்ததோடு காபியும் கொடுத்த அரிசி ஆலை அதிபர் ஐயா அவர்களே. நூலகர் தம்பி அவர்களே. எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்ததில் பாதியைப் பேசித் தீர்த்துவிட்ட புலவர் அவர்களே. பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் புழுக்கத்தில் சால்வை போட்டவர்களை நான் பொறுத்துக்கொண்டது மாதிரி.

படிக்கவும் போடவும் தகுந்த புது நாடகங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன். படிக்க வேண்டியவை, மேடையேற்ற வேண்டியவை, மூன்றாவதாகக் குழந்தைகள் நாடகம். ‘புது’ என்றவுடன் போன மாதம் எழுதியது என்று நினைக்க வேண்டாம். எழுதி நாற்பது வருஷம் ஆனாலும் நம் ஊர் மேடை பார்க்காத நாடகம் நமக்குப் புது நாடகம்தான்.

“தமிழில் நாடகமே இல்லை சார்” என்று சொல்கிறவர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். என் பாட்டி வாயில் எப்போதும் இருந்த ஒரு பழமொழிதான் நினைவுக்கு வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாடகம் இல்லை என்கிறவரிடம் கடைசியாக எந்த நாடகம் படித்தீர்கள் என்று கேளுங்கள். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டு, இரண்டாம் ராஜேந்திரன் காலம். வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக விஜயராஜேந்திர ஆசாரியன் என்ற சாந்திக்கூத்தனுக்கு நாளொன்றுக்குத் தூணி நெல், ஆண்டுக்கு 120 கலம் என்று வெட்டிவைத்திருக்கிறார்கள். கணக்கு சுத்தமாக இருக்கிறது. நாடகம் என்ன ஆயிற்று? ஒரு வரி கிடைக்கவில்லை. நெல் அளந்தவன் கல்லில் எழுதினான், வசனத்தை யாரும் எழுதி வைக்கவில்லை, அல்லது வைத்தது செல்லரித்துப் போயிற்று. அதனால்தான் நாடகத்தைப் பார்ப்பதோடு நிற்காமல் வாங்கிப் படியுங்கள் என்கிறேன். படிக்க ஆள் இருந்தால்தான் அச்சில் இருக்கும்.

சரி, பெயர்களுக்கு வருகிறேன். பக்கத்திலிருந்தே தொடங்கலாம். செம்பனார்கோயில் பக்கம் புஞ்சை. நற்றுணையப்பர் கோயில் இருக்கிற ஊர். அங்கே 1936இல் பிறந்தவர் ந. முத்துசாமி. 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியவர், 2012இல் பத்மஸ்ரீ, 2018இல் மறைந்தார். ‘நாற்காலிக்காரர்’, ‘காலம் காலமாக’, ‘அப்பாவும் பிள்ளையும்’ ஆகியவற்றைப் படியுங்கள். புஞ்சைக் கோயிலின் சாமி பெயரையே தலைப்பாக்கி ‘நற்றுணையப்பன்’ என்றும் ஒன்று எழுதினார். முதல் வாசிப்பில் புரியாது. வாய்விட்டுப் படித்தால் கொஞ்சம் புரியும். நாலு பேராக உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் படித்தால் சிரிப்பு வரும். சிரிப்பு வந்துவிட்டால் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

கும்பகோணத்தில் வளர்ந்த இந்திரா பார்த்தசாரதியின் ‘மழை’, செலவுக்குக் காசில்லாத குழுவுக்கு ஏற்றது. விரல்விட்டு எண்ணக்கூடிய பாத்திரங்கள், ஒரு வீடு, ஒரு அப்பா, அப்பாவின் பிடியிலிருந்து விலக முடியாத மகள். செட்டு வேண்டாம், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் வேண்டும். அவருடைய ‘நந்தன் கதை’யை, திருப்புன்கூருக்குப் போய் விலகி உட்கார்ந்திருக்கிற நந்தியைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள். நரிமணத்தில் பிறந்த கோபாலகிருஷ்ண பாரதி பாடிய நந்தனார் வேறு, இவர் காட்டுகிற நந்தன் வேறு. இங்கே நெருப்பு, அற்புதம் நிகழ்த்த வரவில்லை; சதி செய்தவர்கள் மூட்டியது. நம் வட்டாரத்தில் இதைப் போடத் துணிச்சல் வேண்டும். துணிச்சல் உள்ள இளைஞர்கள் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்று பின்வரிசைக் கைதட்டலிலிருந்து தெரிகிறது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த பேராசிரியர் சே. இராமானுஜத்தின் ‘வெறியாட்டம்’ இன்னொன்று. டிராய் நகரப் பெண்களின் பழைய கிரேக்கத் துயரக் கதையை நம் ஒப்பாரிக்குள் கொண்டுவந்து வைத்தார். ஒப்பாரி பாடத் தெரிந்த அம்மாக்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். நடிகையைத் தேடி வெளியூருக்கு ஏன் போக வேண்டும்? இன்குலாபின் ‘ஔவை’யில் ஔவை கூன் விழுந்த கிழவி இல்லை, ஊர் ஊராக நடந்து பாடுகிற இளம் பெண். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கோல் ஊன்ற வைக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கே.ஏ. குணசேகரனின் ‘பலி ஆடுகள்’, கையால் மலம் அள்ளும் கொடுமை பற்றி ஜெயராணி எழுதிய ‘மஞ்சள்’ இரண்டையும் இப்போதைக்குப் பெயர் மட்டும் சொல்லி விடுகிறேன். விரிவாகப் பேச வேண்டியவை, நேரம் இல்லை.

நேரம் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு கதை சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கொள்ளிடக் கரையோரம் ஒரு ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பையன்கள் இந்திரா பார்த்தசாரதியின் ‘ஔரங்கசீப்’ போட வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். முகலாய தர்பார் தம்பி, கட்டுப்படியாகுமா என்றேன். ஆகும் என்றார்கள். ஒத்திகைக்கு இடம் வேண்டும். ஊரில் பெரிய கலையரங்கம் இருக்கிறது, முகப்பில் இரண்டு மயில், திறப்பாளர் பெயர் பொறித்த கல்வெட்டு எல்லாம் இருக்கிறது. சாவி மட்டும் இல்லை. முன்னாள் தலைவர் வீட்டில் கேட்டால் இந்நாள் தலைவரிடம் என்கிறார்கள். அவரிடம் கேட்டால் கோயில் கமிட்டி என்கிறார். கமிட்டிக்காரர் ஒருவழியாகக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே உர மூட்டை, தார்ப்பாய், பழைய பம்புசெட்டு, நடு மேடையில் சாவு வீட்டுக்கு அனுப்புகிற குளிர்பெட்டி. பையன்கள் குளிர்பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்து ஒத்திகை பார்த்தார்கள். ஒருநாள் பக்கத்துத் தெருவில் சாவு. பெட்டியைத் தூக்க வந்தவர்கள், சிறைக்குள் தாடியைத் தடவிக்கொண்டு புலம்பும் ஷாஜகானைப் பார்த்து, “பெட்டி இவருக்கா, அவருக்கா?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

உடை வாடகைக்கு விடுகிறவர் அரிச்சந்திரனுக்கு அனுப்புகிற ராஜபார்ட் டிரஸ்ஸையே ஔரங்கசீப்புக்கும் அனுப்பிவிட்டார். ஔரங்கசீப்பாக வந்த பையன் ஒரு தொப்பியைத் தைத்துப் போட்டுக்கொண்டு கெட்டிக்காரத்தனமாக நடித்தான். நாடகத்தன்று என்ன நடந்தது தெரியுமா? அரைமணி நேரம் ஆனதும் சனங்களுக்கு டெல்லி மறந்துபோயிற்று. இது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, அவ்வளவுதான். அண்ணன் தாரா வந்தால் ஒரு பக்கம் முணுமுணுப்பு, ஔரங்கசீப் வந்தால் இன்னொரு பக்கம். ஜகனாரா பெரியவன் பக்கம், ரோஷனாரா சின்னவன் பக்கம் என்றதும் பெண்கள் வரிசையில், “பாத்தியாடி, நாத்தனார் ரெண்டும் ஆளுக்கொரு பக்கம்” என்று ஒரு குரல். முன்னால் பாய் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டார். “ஏம்ப்பா, தாஜ்மகாலுக்குச் செலவழிச்ச காசுல நஞ்சை நாலு வேலி வாங்கி, உசுரோட இருக்கறப்பவே எழுதி வச்சிருந்தா இந்தக் கேடு வருமா?” ஷாஜகானாக நடித்தவர் டீக்கடைக்காரர். வசனத்தை நிறுத்திவிட்டு, “மாமா, நான் என்ன வச்சிக்கிட்டா இல்லேன்னேன், உக்காருங்க” என்றார். அன்றைக்கு விழுந்த கைதட்டல் எந்த சபாவிலும் விழுந்திராது.

அந்த ஊர்க்காரர்களுக்கா நவீன நாடகம் புரியாது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இந்த ஊர்களில் ஆடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கூடம்தான் பூட்டிக் கிடக்கிறது.

நான் எந்த மேடையில் ஏறினாலும் சொல்வதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். செயலாளர் சிரிக்கிறார், அவருக்குத் தெரியும். ஊர்க் கலையரங்கத்தைத் திற. தை அறுவடை முடிந்து, உளுந்து பயறு எடுத்து, ஜூன் 12 மேட்டூர் திறக்கும் வரை டெல்டாவில் ஊர் ஊராகத் திருவிழா. பாட்டுக் கச்சேரிக்குப் பணம் இருக்கிறது, சீரியல் செட்டுக்கு இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. இதே மாயவரத்தில் 1910இல் பிறந்த தியாகராஜ பாகவதர் நாடக மேடையில் பாடித்தானே சினிமாவுக்குப் போனார்? திருவிழாவில் ஒரே ஒரு ராத்திரியைப் புது நாடகத்துக்கு விடுங்கள். எழுதியவரிடமோ அவர் வாரிசுகளிடமோ அனுமதி கேட்டு ஒரு தொகை கொடுங்கள். எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை அந்த உரிமை சட்டப்படி உண்டு. கூத்தனுக்கு நாளைக்குத் தூணி நெல் அளந்த சீமை இது, கொடுக்கலாம்.

“போலீஸ் அனுமதி?” என்று ஒரு தம்பி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். 1954ஆம் ஆண்டு தமிழ்நாடு நாடகச் சட்டத்தில் பிரதியைக் கொடுத்து முன் அனுமதி வாங்க வைத்த பிரிவுகளை, நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கில் 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஒலிபெருக்கிக்கு மட்டும் வழக்கம்போல எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

குழந்தைகள் நாடகத்துக்கு வரவில்லையே என்று தலைவர் ஐயா பார்க்கிறார். வர்த்தகர் சங்கத் தலைவர் எழுந்தே போய்விட்டார். அதை அடுத்த கூட்டத்தில் பேசுகிறேன், அவரும் கடைசி வரை இருக்கட்டும். நூலகர் தம்பி, நான் சொன்ன புத்தகங்களில் கிடைப்பதை ஒரு தனி அலமாரியில் வையுங்கள், கவிதைக்கும் சமையல் குறிப்புக்கும் நடுவில் செருக வேண்டாம். அக்டோபர் 2 கிராமசபை வருகிறது. கலையரங்கத்துச் சாவி ஊராட்சி அலுவலகத்தில் தொங்க வேண்டும், கேட்ட குழுவுக்கு ஒத்திகைக்குக் கொடுக்க வேண்டும், மூட்டைகளுக்கு வேறு இடம் பார்க்க வேண்டும் என்று தீர்மானம் எழுதி நகல் எடுத்து வந்திருக்கிறேன். வாசலில் காபி கொடுக்கிற மேசையிலேயே இருக்கிறது. ஊர்ப் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன், நிரப்பிக்கொண்டு போங்கள். நன்றி, வணக்கம்.