துரியோதனன் தோள்கட்டையும் காமா வெலோரமும்

வணக்கம் மக்களே. எனக்குப் பின்னால் கொடியில் தொங்குவது துரியோதனன் வேஷத்துக்கான பாவாடை. மேசையில் இருப்பது அதே வேஷத்துக்குத் தோளில் கட்டும் மர அணி, தோள்கட்டை. இன்றைக்கு இவற்றையும் என் ஆய்வையும் சேர்த்தே பேசப்போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரி. நான் பெருநிறை விண்மீன்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மாலையிலும் விடுமுறையிலும் ஒரு நாடகக் குழுவுக்கு உடை தைக்கிறேன். "ரெண்டுல ஒண்ண விட்டுடு" என்று வீட்டிலிருந்து கமெண்ட் வரை எல்லோரும் சொல்கிறார்கள். விட மாட்டேன். ஏன் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

முதலில் விண்மீன். சூரியனைப்போல எட்டு மடங்குக்கு மேல் நிறை இருந்தால் அது பெருநிறை விண்மீன். சூரியனின் ஆயுள் சுமார் ஆயிரம் கோடி ஆண்டுகள். முப்பது மடங்கு நிறையுள்ள ஒன்று சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். எரிபொருள் அதிகம்தான், ஆனால் செலவு அதைவிடப் பல மடங்கு அதிகம். வெளிச்சம் எவ்வளவு உக்கிரம் என்றால், அந்த ஒளியே விண்மீனின் வெளி அடுக்கைப் பிடித்துத் தள்ளுகிறது. அப்படிக் கிளம்புவதை விண்மீன் காற்று என்கிறோம்.

எனக்கு மிகவும் பிடித்தது காமா வெலோரம். வெறும் கண்ணுக்கே தெரியும். தூரம் சுமார் 1,100 ஒளியாண்டு. ஒரே புள்ளியாகத் தெரிந்தாலும் அதற்குள் இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று நீலநிறச் சூடான விண்மீன், சூரியனைப்போல முப்பது மடங்கு நிறைக்குப் பக்கத்தில். இன்னொன்று உல்ஃப்-ராயே வகை. 1867-இல் பாரிஸ் வான்நோக்கு நிலையத்தில் சார்ல் உல்ஃப், ஜார்ஜ் ராயே என்ற இரண்டு பேர் முதலில் கண்ட வகை அது. இன்றைக்கு அதன் நிறை சூரியனைப்போல ஒன்பது மடங்குதான். ஆனால் பிறக்கும்போது இரண்டில் பெரியது அதுதான்! மேலே இருந்த ஹைட்ரஜன் முழுக்கப் போய்விட்டது. காற்றில் போனது எவ்வளவு, பக்கத்து விண்மீன் இழுத்துக்கொண்டது எவ்வளவு? எங்கள் துறை அடித்துக்கொள்ளும் கேள்வியே இதுதான்.

இதில் சிக்கல் என்னவென்றால், அந்த உல்ஃப்-ராயே விண்மீனின் மேற்பரப்பு நம் கண்ணுக்குப் படுவதே இல்லை. காற்று அவ்வளவு அடர்த்தி. அதன் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர், அதாவது ஒரு நொடியில் சென்னையிலிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பிவிடலாம். நிறமாலையில், அதாவது விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், நாம் பார்க்கும் கார்பன் கோடுகள் அந்தக் காற்றிலிருந்து வருபவை. நம்மை நோக்கி வரும் காற்றின் ஒளி நீலப் பக்கமும், விலகிப்போகும் காற்றின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். அதனால்தான் மெல்லிய கோடாக இல்லாமல் அகலமாக, மேடுபோல இருக்கும். 569.6 நானோமீட்டரில் ஒரு கார்பன் கோடு உண்டு. அதன் தலை கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையின் மேல் சின்னதாக ஒரு புடைப்பு. ஒவ்வொரு நாள் நிறமாலையிலும் அது கொஞ்சம் இடம் மாறி நிற்கும்.

சரி, இப்போது தோள்கட்டை. கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறேன். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணத்தாள் ஒட்டி, நடுவில் கண்ணாடிச் சில்லுகள் பதித்திருக்கிறோம். கூத்து வாத்தியார் ஒருவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. அவர் முதலில் சொல்லித் தந்தது ஒட்டுவதை அல்ல, பார்ப்பதை. "கட்டி ஆடும்போது பாரு, வெச்சிருக்கும்போது பாக்காத" என்றார். ஆடுகிறவர் கிர்ரென்று சுற்றும்போது பாவாடையின் சிவப்பு அப்படியே இருக்கும். சில்லின் பளிச் மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடும். தூரத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்தப் பளிச்சை வைத்தே ஆள் எந்தப் பக்கம் திரும்பினார் என்று சொல்லிவிடுவார்.

அந்தப் புடைப்பு எனக்குப் புரிந்தது அங்கேதான். இரண்டு விண்மீன்களின் காற்றும் நடுவில் மோதுகின்றன. மோதும் இடம் நீல விண்மீனைச் சுற்றிக் கூம்புபோல வளைந்திருக்கும். அங்கிருந்து கொஞ்சம் கூடுதல் ஒளி வரும். இரண்டும் சுற்றச் சுற்ற அந்தக் கூம்பு ஒரு சமயம் நம் பக்கம் திரும்பும், ஒரு சமயம் அப்பால் திரும்பும். புடைப்பும் கோட்டின் நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கத்துக்கு நகரும், மறுபடி திரும்பி வரும். ஆய்வுக் கட்டுரையில் படித்தபோது இது எனக்கு வெறும் சமன்பாடு. சில்லு வைத்த கட்டையைப் பார்த்த பிறகு, நிறமாலையைத் திறந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வியே மாறிவிட்டது. எது நிலையாக இருக்கிறது, எது நகர்கிறது? நகர்வதைத் தனியாகப் பிரித்தெடுத்த பிறகுதான் மற்றதைத் தொடுகிறேன்.

இந்த விண்மீனுக்கும் நம்ம ஊருக்கும் ஒரு சொந்தம் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று சுற்ற சுமார் 78½ நாள் ஆகும் என்பதை 1967-இல் கொடைக்கானலிலிருந்து எழுதினார்கள் வானியலாளர்கள் கே. எஸ். கணேஷும் வைணு பாப்புவும். பாப்பு சென்னையில் பிறந்தவர். ஜவ்வாது மலையில் காவலூர் வான்நோக்கு நிலையம் உருவாகக் காரணமானவரும் அவரே. அங்கிருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான்.

அப்புறம் துணி விஷயம் ஒன்று. இந்தச் சிவப்பைக் கடையில் பார்த்தபோது கொழுந்துவிட்டது. மேடையின் வெள்ளை எல்.இ.டி. விளக்கில் மங்கிப்போனது. பல எல்.இ.டி. விளக்குகளில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, நீலம் தூக்கலாக இருக்கும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. அதனால் இப்போது துணி எடுக்கும்போது கையில் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் ஒரு டிஃப்ராக்‌ஷன் கிரேட்டிங் தாள் வைத்திருக்கிறேன். விளக்கை அதன் வழியே பார்த்தால் எந்த நிறம் இருக்கிறது, எது இல்லை என்று உடனே தெரிந்துவிடும்.

அதே தாள் உங்களுக்கும் போதும். மார்ச் முதல் பாதியில், இரவு ஒன்பது மணி வாக்கில் தெற்கே பாருங்கள். அகத்தியர் விண்மீன் (கனோபஸ்) நன்றாகத் தெரியும். அதற்கு இடப்பக்கம், கொஞ்சம் மேலே இருக்கும் பிரகாசமான விண்மீன்தான் காமா வெலோரம். ட்ரைபாட்டில் கேமராவை வைத்து, லென்ஸுக்கு முன்னால் தாளை ஒட்டி, சில நொடி எக்ஸ்போஷர் கொடுங்கள். அகத்தியர் வழவழவென்று ஒரு வண்ணப் பட்டையாக விழும். காமா வெலோரத்தின் பட்டையில் மஞ்சள் பக்கமும் நீலப் பக்கமும் பளிச்சென்று கணுக்கள் தெரியும். அவை அந்தக் காற்றின் கார்பன். படம் கிடைத்தால் கமெண்டில் சொல்லுங்கள், என்ன லென்ஸ், எத்தனை நொடி என்பதையும் சேர்த்து.