காசில் கேடயத்தோடு நிற்கும் இருவர் யார்?

நேயர் ஒருவர் கேட்கிறார்: "கோவைப் பக்கம் புதையலாகக் கிடைத்த ரோம வெள்ளிக் காசைப் பார்த்தேன். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் இரண்டு பேர் கேடயம் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்கள் ரோமர்களின் சாமிகளா?"

சாமி இல்லைங்க, பேரப்பிள்ளைகள். தலைப்பக்கம் இருப்பவர் பேரரசர் அகஸ்டஸ். அவருக்கு மகன் கிடையாது, ஜூலியா என்று ஒரே மகள். அந்த மகளுடைய பிள்ளைகள் காயஸ், லூசியஸ் இருவரையும் கி.மு. 17இல் தத்து எடுத்துக்கொண்டார், அதனால் காசிலும் 'அகஸ்டஸின் மகன்கள்' என்றுதான் எழுதியிருக்கும். கேடயமும் ஈட்டியும் போருக்குப் போனதைக் காட்ட வைத்ததில்லை, 'இளைஞர்களின் தலைவர்' என்ற பட்டத்தோடு ரோமின் குதிரைவீரர் வகுப்பார் கொடுத்த மரியாதை அது. அப்புறம், நடுவில் மேலே உற்றுப் பாருங்கள், ஒரு கரண்டியும் நுனி வளைந்த கோலும் தெரியும். கரண்டி பூசைக்கு, கோல் பறவை பறப்பதை வைத்து நிமித்தம் பார்க்கிறவர்களுடையது. அதாவது பையன்கள் பூசாரிப் பதவியிலும் இருந்தார்கள். 'எனக்கு அடுத்து இவர்கள்தான்' என்று தாத்தா ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டாம், காசு போய்ச் சொல்லிவிடும்.

ஆனால் நடந்தது வேறு. லூசியஸ் கி.பி. 2இல் இறந்தார், காயஸ் கி.பி. 4இல். கடைசியில் பட்டத்துக்கு வந்தது திபேரியஸ். அவர் காசின் பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பார், அவர் திபேரியஸின் தாய் லிவியா என்று பலர் சொல்கிறார்கள், காசில் பெயர் இல்லாததால் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தென்னிந்தியப் புதையல்களில் அதிகம் வருவது இந்த இரண்டு வகைதான். கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்துவிட்டார், நம் பக்கத்து வியாபாரிகள் பழைய நல்ல காசையே கேட்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். சரியாகத்தான் படுகிறது, மிளகு விற்கிறவருக்கு யார் பேரன் என்பதா முக்கியம்?

இன்னொன்று, இந்தக் காசைப் பார்த்து இந்தியாவிலேயே அடித்த நகல்களும் உண்டு. லத்தீன் தெரியாதவர்கள் அடித்ததால் அவற்றில் எழுத்தெல்லாம் கிறுக்கலாக இருக்கும். நீங்கள் படம் எடுத்திருந்தால் ஓரத்து எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.