மீட்டரில் 230, லேப்டாப்பில் 0: மோட்பஸ் செய்தியைப் பிரித்துப் பார்க்கலாம்

வணக்கம் மக்களே. மேசையில் இருப்பது ஒரு எனர்ஜி மீட்டர், பக்கத்தில் யூஎஸ்பி கன்வெர்ட்டர், நடுவில் இரண்டே ஒயர். மீட்டரில் 230 வோல்ட் காட்டுகிறது, லேப்டாப்பில் பார்த்தால் 0. நேற்று ராத்திரி இதோடு இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டினேன். ஒயரை மாற்றினேன், கன்வெர்ட்டரை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் இரண்டின் மேலும் தப்பில்லை.

இங்கே ஓடுவது மோட்பஸ் ஆர்டியு, அதாவது மீட்டரும் கம்ப்யூட்டரும் ஒயரில் பேசிக்கொள்ளும் மொழி. 1979இல் மோடிகான் கம்பெனி தன் பிஎல்சிகளுக்காக, அதாவது தொழிற்சாலை இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காகக் கொண்டுவந்தது, இன்னும் எந்த பேனலைத் திறந்தாலும் உட்கார்ந்திருக்கிறது. நான் அனுப்பிய கேள்வியைப் பெரிதாக்குகிறேன், பாருங்கள்: 01 03 00 00 00 02 சி4 0பி. எட்டே பைட், எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16ஐ அடியாகக் கொண்டு எழுதும் எண்கள். முதல் 01, எந்த மீட்டரைக் கூப்பிடுகிறோம் என்பது. 1 முதல் 247 வரை வைக்கலாம்; 0 என்றால் எல்லோருக்கும் பொது, அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. அடுத்த 03 ஃபங்ஷன் கோடு, ஹோல்டிங் ரிஜிஸ்டரை, அதாவது மீட்டர் எண்களை வைத்திருக்கும் அறையைப் படி என்று அர்த்தம். அப்புறம் 00 00, எங்கிருந்து. 00 02, எத்தனை. இங்கே ஒரு குழி உண்டு: மேனுவலில் முதல் ரிஜிஸ்டரை 40001 என்று போட்டிருப்பான், ஒயரில் போவதோ 0. கடைசி இரண்டு பைட் சிஆர்சி, அதாவது வழியில் ஏதாவது கெட்டுப்போனதா என்று பார்க்க. அதில் மட்டும் கீழ் பைட் முன்னால் வரும், முகவரியிலும் எண்ணிக்கையிலும் மேல் பைட் முன்னால். நல்ல வேடிக்கை!

செய்தி முடிந்தது என்று சொல்லத் தனி எழுத்து கிடையாது, மௌனம்தான். மூன்றரை எழுத்து போகும் நேரம் லைன் சும்மா கிடந்தால் முடிந்தது என்று கணக்கு, நொடிக்கு 9600 பிட் வேகத்தில் சுமார் 4 மில்லிசெகண்ட்.

சரி, பதிலுக்கு வருவோம். 01 03 04, பிறகு 00 00 43 66, பிறகு சிஆர்சி. 04 என்றால் நாலு பைட் தரவு வருகிறது என்று பொருள். ஒரு ரிஜிஸ்டர் 16 பிட்தான், ஃப்ளோட்டுக்கு, அதாவது புள்ளி வைத்த தசம எண்ணுக்கு 32 வேண்டும், அதனால்தான் இரண்டு ரிஜிஸ்டர் கேட்டேன். 230ஐ ஃப்ளோட்டில் எழுதினால் 43 66 00 00. என் மீட்டர் பின்பாதியை முதலில் அனுப்புகிறது. அப்படியே படித்தால் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஏதோ ஒரு எண், லேப்டாப் அதை 0 என்று காட்டிவிட்டது. இல்லாத ரிஜிஸ்டரைக் கேட்டிருந்தால்கூட 01 83 02 என்று, 03இன் மேல் பிட்டை ஏற்றித் திட்டியிருக்கும். இங்கே சிஆர்சி சரி, முகவரி சரி, ஒரு முணுமுணுப்பும் இல்லை. இது வோல்ட், இது ஃப்ளோட், இந்தப் பாதி முதலில் என்று செய்திக்குள் ஒரு பிட்கூட இல்லை, எல்லாம் மேனுவலில்தான் இருக்கிறது, அதுவும் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில்.

இதோ, லேப்டாப்பில் வேர்ட் ஸ்வாப்பை, அதாவது இரண்டு பாதியையும் இடம் மாற்றிப் படிப்பதை டிக் பண்ணுகிறேன்... வந்துவிட்டது, 230. அடுத்த மீட்டர் வேறு கம்பெனி, அதில் ஃப்ளோட்டே கிடையாதாம், 2300 என்று அனுப்பிவிட்டுப் பத்தால் வகுத்துக்கொள் என்கிறது. ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன்.